உறவினர்: இல்லை

"கையை எடுங்கோ, அத்திம்பேர்!"

நவநீத் பேனாவால் மேஜையைத் தட்டினான். மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்த விரல்களைப் பிரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார் நாகேஸ்வரன்.

கரமனை வீட்டின் சாப்பாட்டு மேஜை மூன்று வாரமாக இன்டர்வியூ அறையாக இருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் நாற்பத்தாறு வயது நாகேஸ்வரன். வேலை போய் ஏழு மாதம். அந்தப் பக்கம் அவர் மனைவியின் தம்பி நவநீத். முப்பத்தொரு வயதில் கழக்கூட்டத்தில் ஒரு பெரிய கம்பெனியின் டீம் லீடர். அதே கம்பெனியில், வேறொரு பிரிவில், நாகேஸ்வரனுக்கு வியாழக்கிழமை இன்டர்வியூ.

"பழைய கம்பெனியை ஏன் விட்டேள்னு கேட்டா உடனே மோதிரத்தைத் திருகறேள். பார்க்கறவனுக்குத் தெரியாதா, துரத்திவிட்டான்னு?"

"துரத்தலை. பிரிவையே மூடிட்டா."

"மூடினப்போ நாலு பேரை வேற பிரிவுக்கு எடுத்துண்டாளே. உங்களை ஏன் எடுக்கலை?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி நாகலக்ஷ்மி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்படி முழிச்சா வாட்ச்மேன் வேலைகூடக் கிட்டாது. முதல்லேர்ந்து, அத்திம்பேர்."

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்த 'முதல்லேர்ந்து, அத்திம்பேர்' வரும். கல்யாணமான புதிதில் இதே பையன் 'அத்திம்பேர்' என்று கூப்பிட்டுக்கொண்டு பைக் சாவிக்காகப் பின்னாலேயே சுற்றியவன். இப்போது அந்த வார்த்தை பேனாத் தட்டலோடு சேர்ந்துதான் வருகிறது.

இன்டர்வியூவுக்கு முன் நிரப்பச் சொல்லியிருந்த விண்ணப்பத்தை அன்று அனுப்ப வேண்டும். நாகேஸ்வரன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"கம்பெனியில் உறவினர் யாராவது வேலை பார்க்கறாளான்னு ஒரு கேள்வி இருக்கு. உன் பேரைப் போடட்டுமா?"

"வேண்டாம்! 'இல்லை'ன்னு போடுங்கோ."

"பொய்னு தெரிஞ்சா விண்ணப்பத்தைத் தள்ளிடுவோம்னு கீழேயே போட்டிருக்கே?"

"யாரு போய்ச் சொல்லப் போறா? அடுத்த மாசம் என் ப்ரமோஷன் லிஸ்ட் வரது. நவநீத்தோட அளியன், அக்கா ஆத்துக்காரர், வந்து உளறிக்கொட்டிட்டுப் போனார்னு ஆபீஸ் முழுக்கப் பேசணுமா? எனக்காக்கும் நாணக்கேடு."

நாகலக்ஷ்மி காபியோடு வந்தாள். "அவன் சொல்றபடி போடுங்கோளேன். உங்களுக்காகத்தானே இவ்வளவு மெனக்கெடறான்?"

நாகேஸ்வரன் 'இல்லை' என்ற கட்டத்தை அழுத்தினார்.

வியாழக்கிழமை, மூன்றாவது மாடி. நேர்காணல் அறையில் ஜெஸ்லின் என்ற எச்.ஆர். அதிகாரி மட்டும் இருந்தாள். வேலை பற்றிய கேள்விகளைக் கேட்க வேண்டிய அபிஜித்துக்குக் காலையில் திடீரென்று காய்ச்சலாம். அவருக்குப் பதிலாக இன்னொருவர் வருவார் என்றாள். அந்த இன்னொருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

நவநீத்!

ஒரு நொடி அவன் முகம் வெளுத்தது. இந்த இன்டர்வியூவில் நான் உட்காரக் கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். உட்கார்ந்தான்.

"குட் மார்னிங், மிஸ்டர் நாகேஸ்வரன்."

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. ஒரு வங்கியின் பதினைந்து வருடப் பதிவுகளை ஒன்றுகூட விடாமல் புதிய கணினி முறைக்கு மாற்றியதை நாகேஸ்வரன் விவரித்தார். ஜெஸ்லின் தலையசைத்துக் குறித்துக்கொண்டாள். இரண்டு இடத்தில் "வெரி குட்" என்றாள்.

நவநீத்துக்கு அது பொறுக்கவில்லை. முன்பின் தெரியாதவன்போல் நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டு இன்னும் கடுமையாகக் குடைந்தான். இந்த வயதில் புதிதாக எதைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்? உங்களைவிடச் சின்னவனுக்குக் கீழே வேலை செய்வீர்களா? கடைசியாக, மூன்று வாரமாகக் கேட்ட அதே கேள்வி: பிரிவை மூடியபோது உங்களை ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

நாகேஸ்வரனின் விரல் தானாக மோதிரத்துக்குப் போனது. நவநீத்தின் பேனா தானாக மேஜையைத் தட்டியது.

"கையை எடுங்கோ. முதல்லேர்ந்து, அத்திம்பேர்!"

ஜெஸ்லின் எழுதுவதை நிறுத்தினாள்.

"அத்திம்பேரோ? அது எந்தா, நவநீத்?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

"ஓ, அது ஒண்ணுமில்லை மேடம்." நவநீத் சிரித்தான். "எங்க கம்யூனிட்டியில வயசுல மூத்தவரை அப்படித்தான் விளிக்கறது. ஒரு ரெஸ்பெக்ட், அவ்வளவுதான்."

"அப்படியா, சார்?" ஜெஸ்லின் நாகேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

நவநீத்தும் அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. 'ஆமாம்னு சொல்லும்' என்ற அதட்டல்தான் இருந்தது.

ஆமாம் என்றால் வேலை ஏறக்குறைய கையில். ஏழு மாதத்துக்குப் பிறகு கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கும். ஆனால் நினைத்தபோதெல்லாம் அதைப் பிடித்து இழுக்கிற கை இவனுடையதாக இருக்கும். மூன்று வாரத்தையே தாங்க முடியவில்லை.

"இல்லை மேடம். அத்திம்பேர்னா அக்கா புருஷன். இவருடைய அக்கா என் மனைவி. விண்ணப்பத்தில் 'இல்லை'ன்னு போட்டது நான். போடச் சொன்னது இவர்."

நவநீத்தின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

பஸ் கரமனை வருவதற்குள் மெயில் வந்துவிட்டது. தவறான தகவல் தந்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஒரு வருடத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது.

வீட்டில் நாகலக்ஷ்மி, தம்பி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் போன் பண்ணினான். ஆபீஸ்ல அவன்கிட்ட எழுத்துல விளக்கம் கேட்டிருக்காளாம். ப்ரமோஷன் போயாச்சாம். இனிமே இந்த ஆத்து வாசப்படி மிதிக்க மாட்டானாம்."

"சந்தோஷம்."

"என்ன சந்தோஷம்? வேலையும் போச்சு, எனக்கு இருந்த ஒரு தம்பியும் போயாச்சு. ஒரு 'ஆமாம்' சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" எதிர் நாற்காலியைக் காட்டினாள். "உட்காருங்கோ. என்ன நடந்தது? முதல்லேர்ந்து சொல்லுங்கோ."

நாகேஸ்வரன் அந்த நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு நின்றார்.

"முதல்லேர்ந்துன்னா மூணு வாரத்துக்கு முன்னாடிலேர்ந்து சொல்லணும், லக்ஷ்மி. நீ அடுக்களையில் நின்னு எல்லாத்தையும் கேட்டுண்டுதானே இருந்தே?"