ஒரே இரவில் திரும்பியவன்

பேருந்து ஓட்டும் அக்காவுக்கு நடுங்காத கை. பின்னால் ஊரே ஹாரன் அடித்தாலும் அசரமாட்டாள். அன்று மனநல மருத்துவமனையின் விசாரணை அறையில் மட்டும் அந்தக் கை, கைப்பையின் வாரை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதியும் தலைமை மருத்துவரும். இந்தப் பக்கம் அவளும் தம்பியும். தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார் என்று நம்பி, பக்கத்து வீட்டுக்காரரைக் கம்பியால் அடித்தவன் தம்பி. அந்த மனிதருக்கு ஒரு கண் போயிற்று. நோயின் பிடியில் செய்தது என்று நீதிமன்றம் அவனைச் சிறைக்குப் பதில் இங்கே அனுப்பியது. இன்று அவனை விடுவதா வேண்டாமா என்று முடிவாகும்.

போன மாதம் வெள்ளோட்டமாக மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரே இரவில் திரும்பிவிட்டான். அதுதான் இப்போது அவளுக்குத் தொண்டையில் முள். "நீ வாயைத் திறக்காதடா, நான் பேசிக்கிறேன்" என்று வாசலிலேயே எச்சரித்திருந்தாள்.

"ஏன் சீக்கிரம் வந்துட்டாரு?" என்றார் நீதிபதி.

"எனக்குத் திடீர்னு டியூட்டி போட்டுட்டாங்க ஐயா. நான்தான் கொண்டுவந்து விட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். தம்பி தொண்டையைச் செருமினான்.

"அக்கா சொல்றது நிஜம் இல்லீங்க."

பாவி, கெடுத்தானே! மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"அன்னைக்குத் தூக்கமே வரல. குழாயைத் திறந்து தண்ணியை மோந்து மோந்து பார்த்தேன். பழைய சந்தேகம் எட்டிப் பார்க்குதுன்னு புரிஞ்சுது. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு சொன்னேன். ஒண்ணும் இல்லடா, படுன்னு அக்கா அழுதுச்சு. நான் செருப்பை மாட்டிட்டேன்."

"இது தெரிஞ்சா விடமாட்டாங்கன்னு தோணலையா?" என்றார் நீதிபதி.

"தோணுச்சுங்க. போன தடவை மறைச்சதுலதான் ஒருத்தருக்குக் கண்ணு போச்சு."

தலைமை மருத்துவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "வந்த அன்னைக்கே எங்ககிட்ட சொல்லிட்டாரு. மருந்தை மாத்தினோம், சரியாயிடுச்சு. இவரை விடலாம்னு நான் சொல்றதே அதனாலதான். நோய் திரும்ப வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வந்தா தெரிஞ்சுக்கிட்டு ஓடி வருவாரா, அதைத்தான் பார்க்கிறோம்."

அக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் தள்ளிக்கொண்டு பெருமை வந்தது. பள்ளியில் அவன் முதலாவதாகத் தேறியபோதுகூட அவள் இப்படிப் பூரித்ததில்லை. இத்தனை பேர் முன்னால் தனக்கே பாதகமான உண்மையைச் சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு? என் தம்பிக்கு உண்டு!

"மாசாமாசம் இங்க வரணும், மருந்து தவறக்கூடாது. அந்த நிபந்தனையோட அனுப்பறோம்" என்றார் நீதிபதி. பிறகு அவளைப் பார்த்தார். "ஏம்மா, இவரைப் பார்த்துக்குவீங்களா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவனே பார்த்துக்குவான் ஐயா. நான் குறுக்கே நிக்காம இருந்தா போதும்."