சப்பாத்தோடு நுழையும் குகை

ஊரைவிட்டு வந்த எங்கள் சனம் குடியிருக்கும் வோபர்னில், கடைகள் நிறைந்த பிளாசாவுக்குப் பின்னால் எரிமலை முளைத்தது 2024 மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று மாடி உயரம். நகரசபையிலிருந்து வந்தவர் அளந்து பார்த்தார். வேலியின் உயரத்துக்குத்தான் சட்டம் இருக்கிறது, எரிமலைக்கு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். நாலு நாள் நெருப்புக் குழம்பு கக்கிவிட்டு மலை அடங்கிக்கொண்டது. எங்கே எது முளைத்தாலும் கும்பிடத் தொடங்கும் புனிதவதி அன்ரி சும்மா இருப்பாவா? உச்சியில் சூலம் நட்டு, தேசிக்காய் குத்தி, பாலும் ஊற்றிவிட்டா. அதன்பிறகு சப்பாத்தைக் கழற்றாமல் அங்கே எவரும் ஏறுவதில்லை. மலை இளஞ்சூடாக இருந்ததால் பனிக்காலத்திலும் கால் விறைக்கவில்லை.

மலையின் பின்பக்கம், குழம்பு ஓடி வடிந்த வழி நீளக் குழாய்போல ஒரு குகையாக மிஞ்சியிருந்தது. அதைக் கண்டவர் மாமாங்கம் ஒருவர்தான். மீன் குளிரறையில் பதினாறு வருசம் வேலை செய்து எலும்புவரை குளிர்ந்துபோன மனிதர். வேலை முடிந்ததும் தலையில் டோர்ச்சைக் கட்டிக்கொண்டு நாளுக்குக் கொஞ்சமாய் உள்ளே போவார். கூரையில் சொட்டும்போதே உறைந்துபோன கல்துளிகளையும், குழம்பு வற்ற வற்றச் சுவரில் விழுந்த கோடுகளையும் பற்றி மனைவி தெய்வநாயகிக்கு வந்து சொல்வார். "ஒருக்கா வந்து பாரன்கா" என்பார். அவள் அசையமாட்டாள். சண்டைக்காலத்தில், ஊரில், வாகரையில் செல்லடிக்குப் பயந்து பதினொரு நாள் பங்கருக்குள் கிடந்தவள் அவள். பக்கத்தில் தாயின் மூச்சு நின்றதை இருட்டில் கையால் தடவித்தான் அறிந்தாள். அன்றிலிருந்து நிலத்துக்குக் கீழே காலே வைத்ததில்லை. உடுப்புத் தோய்க்கும் மெசின் பேஸ்மென்ரில் இருந்ததால், பதினாறு வருசமாக வீட்டில் தோய்ப்பவர் மாமாங்கம்தான். பாவம், மனுசன் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் போனவர் பின்னேரமாகியும் திரும்பவில்லை. தெய்வநாயகி தேடிப்போனாள். குகைவாசலில் அவருடைய சப்பாத்துகள் கோயில் வாசலில் விட்டதுபோல ஒழுங்காகக் கிடந்தன. காலுறைகள் உள்ளே சுருட்டியிருந்தன. அவளுக்கு விளங்கிவிட்டது. உறைந்த குழம்பு உடைந்த போத்தலுக்குச் சமம். மனுசன் காலைக் கிழித்துக்கொண்டு உள்ளே எங்கேயோ இருக்கிறார். தீயணைப்புக்காரர் வந்தார்கள். வாசல் ஒடுக்கம், முதுகுச் சிலிண்டரோடு நுழைய முடியவில்லை, பாறை வெட்ட இரண்டு நாளாகும் என்றார்கள்.

"இருட்டுக்குள்ள ரெண்டு நாள் ஏலாது. எனக்குத் தெரியும்" என்றாள் தெய்வநாயகி. தன் சப்பாத்தைக் கழற்றாமல், அவருடையதைக் கையில் தூக்கிக்கொண்டு, குனிந்து உள்ளே போனாள். பஸ்ஸில் சனம் ஒதுங்கி இடம் விடுவதைப்போல, அவள் வைத்த ஒவ்வோர் அடிக்கும் சுவர் ஒரு முழம் விலகிக் கொடுத்தது. பத்தாவது அடியில் கூரை உயர்ந்தது, அவள் நிமிர்ந்து நடந்தாள். தீயணைப்புக்காரர் அதையும் அறிக்கையில் குறித்துக்கொண்டார்கள். மாமாங்கம் ஒரு வளைவில், போட்டிருந்த சேட்டைக் கிழித்துக் காலில் கட்டியபடி சாய்ந்திருந்தார். டோர்ச் அணைந்துபோயிருந்தது.

"நீயாகா வந்த?"

"சப்பாத்தப் போடுங்க" என்றவள், அதைப் போட்டுவிடக் குனிந்த இடத்திலேயே, பங்கரில் அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதாள்.

குகை அந்த அகலத்திலேயே நின்றுவிட்டது. மாரிகாலத்தில் வோபர்ன் பெண்கள் அங்கேதான் மிளகாய் காயவைக்கிறார்கள். தயவுசெய்து சப்பாத்தோடு உள்ளே வரவும் என்று தெய்வநாயகி எழுதிய அட்டை வாசலில் தொங்குகிறது. புனிதவதி அன்ரிக்கு அதில் மனவருத்தம்தான். மாமாங்கத்தின் கால் ஆற ஆறு கிழமை பிடித்தது. முதற்கிழமை தெய்வநாயகி ஊத்தை உடுப்புக் கூடையோடு பேஸ்மென்ற் படியில் வெகுநேரம் நின்றாள். பிறகு இறங்கினாள். கீழே, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் ஒரு முழம் விலகிக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதைப்பற்றி இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை.