இன்னும் ஒரே ஒரு ஊர், அக்கா

என் தம்பி ஷுவாங்சியை யாராவது நல்லவன் என்று சொன்னால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. "அக்காவை ஊர் ஊரா கூட்டிட்டுப் போய்க் காட்டினான் பாரு"ன்னு இந்தத் தெருவே மெச்சியது. நானும்தான் மெச்சினேன், மடச்சி.

லியூஷு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவித்த சோளமும் தேயிலைத் தண்ணீரில் வேகவைத்த முட்டையும் விற்றே கிழவியானவள் நான். எத்தனையோ ஜன்னல்களுக்குள் கையை நீட்டியிருக்கிறேன், வண்டிக்குள் உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை. யிமியன்போ, ஹெங்தாவ்ஹெஸி, சுய்ஃபென்ஹே எல்லாம் எனக்கு ஒலிபெருக்கியில் கேட்ட பெயர்கள், அவ்வளவுதான்.

ரஷ்யர்கள் தண்டவாளம் போட்ட காலத்தில் தங்கள் ஆட்களுக்குக் கட்டிய மஞ்சள் வீடுகளில் ஒன்று எங்களுடையது. லைன்மேனாக இருந்த அப்பாவுக்குக் கிடைத்தது. அவர் போன பிறகு நடுவில் சுவர் எழுப்பிக் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு என்று பிரித்தோம். கூரை ஒன்று, புகைபோக்கி இரண்டு. அந்தப் பிரிவினைச் சண்டையில் விட்டுப்போன பேச்சு வருஷக்கணக்கில் ஒட்டவேயில்லை.

இந்த வருஷம் பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் ஒரு கணக்கெடுப்பு அறிவித்தது. ஆள் குடியிருக்கும் வீடு குடியிருப்பவருக்கே. காலியாகக் கிடப்பதைப் பக்கத்துக்காரர் கேட்டால் அவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அவர் அதை விடுதியாக நடத்தலாம். ஆள் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வார்கள்? எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே வழிதான். பனிக்காலத்தில் புகைபோக்கியைப் பார்ப்பார்கள், உள்ளே போய் அடுப்புப் புகை ஓடும் சுவரில் கை வைப்பார்கள். சூடாக இருந்தால் வீடு, ஜில்லென்றிருந்தால் கொட்டகை.

சரியாக அந்த நேரத்தில்தான் தம்பிக்கு என்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஊறுகாய்ப் பானைக்கு முட்டைக்கோஸ் வெட்டித் தந்தான். நிலக்கரி சுமந்து போட்டான். ஒருநாள், அடியில் அடுப்புச் சூடு ஓடும் என் கணப்புக் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "வாழ்க்கை பூரா வண்டியைப் பார்த்தே நின்னுட்டியேக்கா, ஒரு தடவை ஏறித்தான் பாரேன். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

"ஆபீஸ்காரங்க வருவாங்களேடா?"

"புதுவருஷம் முடிஞ்சுதான் வருவாங்க. எனக்கு ஆள் தெரியும்."

அவன் பெண்டாட்டி யாச்சின் தேன் ஒழுகப் பேசினாள். "அடுப்பை நான் பார்த்துக்கறேன் அண்ணி. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி மூட்டிடறேன். உங்க பானை உறைய விடுவேனா?"

எங்கள் ஊரில் சாவி கொடுப்பது பெரிய விஷயமில்லை. அடுப்பைக் கொடுப்பதுதான் பெரிது. குளிர்காலத்தில் அடுத்தவர் அடுப்பை மூட்டுகிறவர் பாதி உறவு என்பார்கள். கொடுத்துவிட்டுப் போனேன்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த நாட்களில் எனக்குக் குழந்தை போலக் குதூகலம். யிமியன்போவில் அதே மஞ்சள் ஸ்டேஷன், எங்களுடையதைவிடப் பெரிது. "நம்ம ஸ்டேஷனோட அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கோம்டா" என்றேன், விழுந்து விழுந்து சிரித்தான். ஹெங்தாவ்ஹெஸியில் பழைய எஞ்சின்கள் நிற்கும் விசிறி வடிவக் கொட்டகை. ஒரு எஞ்சினின் சக்கரத்தை நான் தடவிப் பார்த்ததைப் படம் பிடித்தான். போகிற இடமெல்லாம் படம்தான். "சிரிக்கா, இன்னும் நல்லா சிரி." சிவப்புத் தொத்திறைச்சியை நறுக்கி, கறுப்பு ரொட்டியில் வைத்து என் கையில் கொடுத்தான். சின்ன வயதில் நான் அவனுக்கு ஊட்டியதற்கு இப்போது பதில் செய்கிறான் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

"வீட்டுக்குப் போலாம்டா" என்றால், "இன்னும் ஒரே ஒரு ஊர் அக்கா" என்பான். யாச்சினுக்குப் போன் போட்டால், "சுவர்ல கை வைக்க முடியலை அண்ணி, அவ்வளவு சூடு!" என்பாள். அப்படியே எல்லை ஊரான சுய்ஃபென்ஹே வரைக்கும் போய்வந்தோம்.

லியூஷுவில் இறங்கித் தெரு முனையில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. மேற்குப் புகைபோக்கி புகைகிறது. என்னுடையதின் வாயில் பனி குவிந்து கிடக்கிறது. "நான் கடைக்குப் போயிட்டு வரேன்" என்று ஷுவாங்சி நழுவினான்.

கதவில் ஆபீஸ் முத்திரைச் சீட்டு ஒட்டியிருந்தது. கிழித்து எறிந்துவிட்டு உள்ளே போனேன். ஊறுகாய்ப் பானை உறைந்து, மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது. சுவரில் கை வைத்தேன். பிணத்தைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஆபீசில் மியாவ் என்கிற சின்னப் பெண் இருந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"பெரியம்மா, நீங்க நிரந்தரமா வெளியூர் போயிட்டதா உங்க தம்பி சொன்னாரே? போட்டோ எல்லாம் அனுப்பினார். இதோ, நீங்கதானே?"

எஞ்சின் சக்கரத்தோடு நான். சுய்ஃபென்ஹே தேவாலய வாசலில் நான். எல்லாவற்றிலும் பல் தெரியச் சிரிக்கிறேன்.

"எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க!"

"ஆமாம்மா, சந்தோஷமாத்தான் இருந்தேன்" என்றேன். பொய்யா சொல்ல முடியும்?

கிழக்குப் பாதி அவனுக்கு எழுதியாகிவிட்டதாம், மாற்ற முடியாதாம். எனக்கு ஊர்க்கோடியில் ஒரு அறை தருவார்களாம், ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என் ஓநாய் எனக்கு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தது.

வீட்டு வாசலில் அவனைப் பிடித்தேன். யாச்சின் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"கூடப்பொறந்தவன்தானேடா நீ? நாசமாப் போறவனே, நேரா கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். என்னைச் சிரிக்க வெச்சுக் கழுத்தறுத்தியே!"

"பையன் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க தனி வீடு கேக்கறாங்கக்கா... எங்க பக்கமே இருந்துக்கோ. ஒரு மூலையில கட்டில் போட்டுத் தரேன்."

"உன் மூலையை நீயே வெச்சுக்க. ஒண்ணு மட்டும் சொல்லு. அத்தனை ஊர் சுத்தினோமே, ஒரு ஊர்லயாவது உண்மையைச் சொல்லிடலாம்னு உனக்குத் தோணலையா?"

பூட்ஸ் முனையால் பனியைக் கிளறினான்.

"ஹெங்தாவ்ஹெஸில தோணுச்சுக்கா. சத்தியமா சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள வண்டி வந்துடுச்சு."

அன்றைக்கு வண்டி எங்கே சீக்கிரம் வந்தது? பனியில் தடம் மூடிக்கொண்டு, மத்தியானம் வரவேண்டியது இருட்டிய பிறகுதான் வந்தது. அதுவரை நானும் அவனும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒரே பொட்டலத்திலிருந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தோம்.