வாய்க்கு ஒரு பாஸ்வேர்டு

என் மனைவி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். எழுந்து நடமாட முடியாதவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, சர்க்கரை பார்ப்பது எல்லாம் அவள் வேலை. எனக்குத் தெருமுனையில் ஒரு சலூன். ஆக, இரண்டு பேருமே பகல் முழுக்க அடுத்தவர் உடம்போடு மல்லுக்கட்டுகிறவர்கள். பொழுது சாய்ந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவள் கதை சொல்லுவாள், நான் கேட்பேன். எங்கள் வீட்டு டி.வி. கெட்டுப்போய் வருடக்கணக்காகிறது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை.

அவளுடைய நோயாளிகள் எல்லாருக்கும் எங்கள் வீட்டில் பட்டப்பெயர் உண்டு. மாத்திரையை எண்ணி எண்ணிப் பார்த்து, "ஒண்ணு குறையுது, நீதான் எடுத்திருப்பே" என்று தினமும் அவள் மேல் பழி போடுகிறவர் ஆடிட்டர் அம்மா. பெரிய மீசை வைத்துக்கொண்டு, ஊசியைக் கண்டதும் போர்வைக்குள் புகுந்துகொள்கிறவர் ஏட்டய்யா. எனக்கு ரொம்பப் பிடித்தவர் பேப்பர் ஐயா. காலில் ஆறாத புண், படுத்த படுக்கை. அவள் கட்டை அவிழ்க்கும்போது வலி தெரியாமல் இருக்கப் பேப்பரை உரக்கப் படிப்பார். வெறுமனே படித்தால் பரவாயில்லை. ஒவ்வொரு செய்தியோடும் சண்டை போடுவார்.

"பாலம் இடிஞ்சு விழுந்துடுச்சாம்! கட்டினவனைக் கூட்டிட்டு வந்து முதல்ல அது மேல நிக்க வெச்சிருக்கணும். அடுத்த பக்கம் என்ன? நடிகைக்குக் காய்ச்சலாம். இங்க ஒருத்தன் கால் அழுகுது, அதை எவனாவது போட்டானா?"

அவள் அப்படியே அவர் குரலில் பேசிக் காட்டுவாள். எனக்குப் புரை ஏறிவிடும். அவருக்குப் பேப்பர் வாங்கித் தர ஆளில்லை என்று தெரிந்த நாளிலிருந்து சலூன் பேப்பரை நான்தான் கொடுத்தனுப்புகிறேன். நேற்றைய பேப்பராக இருந்தால் பரவாயில்லையா என்று இவள் கேட்டதற்கு, "சண்டை போட எந்தத் தேதி பேப்பரா இருந்தா என்னம்மா?" என்று சொல்லிவிட்டாராம். தினமும் காலையில் அதை நாலாக மடித்து அவள் பையில் வைப்பேன். அந்த மனுஷன் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு அவர் ஒரு தாய்மாமன் மாதிரி ஆகிவிட்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் கம்ப்யூட்டர் வந்து புகுந்தது. இனிமேல் காகிதத்தில் எழுதக் கூடாது, ஆளுக்கொரு டேப், அதாவது சிலேட்டு மாதிரி ஒரு கைக் கம்ப்யூட்டர், கொடுப்போம், அதில்தான் பதிய வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் வகுப்பு, வகுப்பு முடிந்ததும் பரீட்சை. தேறாதவர்கள் கிளினிக்கிலேயே உட்கார்ந்து கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டியதுதான். சம்பளம் குறையாது. ஆனால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என் ஜனங்களை வேற யாரோ போய்ப் பார்ப்பாங்களாம்" என்றாள். "ஏட்டய்யாவுக்கு எந்தக் கையில போட்டா வலிக்காதுன்னு அவங்களுக்கு என்னங்க தெரியும்?"

முதல் வகுப்பிலேயே பேரெடுத்துவிட்டாள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது அவள் கைப்பழக்கம். கீபோர்டையும் விடவில்லை. அழுத்தித் துடைத்ததில் பாதி எழுத்து அழிந்து, பக்கத்தில் இருந்தவர்கள் குத்துமதிப்பாகத் தட்ட வேண்டியதாயிற்று. "சிஸ்டர், அதுக்கு நாம ஊசி போடப் போறதில்ல" என்றாளாம் டீச்சர். புண்ணைச் சொந்தப் போனில் படம் எடுக்கக் கூடாது என்றபோது மட்டும் இவள் தலையைக் குனிந்துகொண்டாளாம். என் தங்கை வீட்டில் தன் போனில் கல்யாணப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தபோது, மணமகளுக்கு அடுத்த படமாகப் பேப்பர் ஐயாவின் கால் வந்து நின்றது அவளுக்கு மறக்குமா? அன்று என் தங்கை பாயசத்தைக் கீழே வைத்தவள்தான், திரும்ப எடுக்கவில்லை.

பாஸ்வேர்டு வைக்கச் சொன்னபோது என் பெயரை வைத்திருக்கிறாள். டீச்சர் ஏற்கவில்லை.

"உங்க பேரை யார் வேணா சுலபமா கண்டுபிடிச்சிடுவாங்களாம். ரொம்ப பலவீனமாம்."

"யாரு, நானா?"

"பாஸ்வேர்டு."

"சரி, இப்ப என்ன வெச்சிருக்கே?"

சொல்ல மாட்டேன் என்றாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் மறைத்த முதல் விஷயம் அது. கோபம் வந்தது, கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் மோர் கேட்டேன்.

பெரிய இடி அதற்கப்புறம்தான் விழுந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தவள், சாப்பிட உட்கார்ந்தும் வாயைத் திறக்கவில்லை. பேப்பர் ஐயா இன்றைக்கு யாரைத் திட்டினார் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"இனிமே சொல்லக் கூடாதுங்க. நோயாளியைப் பத்தி வெளியில மூச்சு விடக் கூடாதாம்."

"நான் வெளியா?"

"வீட்டுக்காரரும் வெளிதானாம். நான் கேட்டுட்டேன்."

"பேரையா சொல்றே? பட்டப்பேர்தானே!"

"மாடி வீடு, கால்ல புண்ணு, உரக்கப் பேப்பர் படிக்கறவர்னா இந்த ஏரியாவுல யாருன்னு தெரியாதா? ஏரியாவே உங்க கடைக்குத்தானே முடி வெட்ட வருது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இவ்வளவு நாள் ஒரு வார்த்தை கடையில் விட்டிருப்பேனா, என்னை என்ன நினைத்தாய் என்று பிடித்துக்கொண்டேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"உங்க கடையில யார் யார் தலைக்குச் சாயம் போட்டுக்கறாங்க? சொல்லுங்க பார்ப்போம்."

"அதெப்படிச் சொல்றது?"

"நான் உங்க பொண்டாட்டிதானே. சொன்னா என்ன?"

"அவங்க பாதி ஷட்டரை இறக்கின அப்புறம் வர்றவங்க. என்னை நம்பித் தலையைக் கொடுக்கறாங்க. அதை எப்படி வெளியில..." என்றவன் பாதியில் நிறுத்தினேன்.

"அதேதான்" என்றாள்.

என் கத்தியாலேயே எனக்குச் சவரம் செய்துவிட்டாள். நியாயம் அவள் பக்கம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு சாப்பிட முடியுமா? அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு உப்புச்சப்பில்லாமல் போயிற்று. வெயில் அதிகம், தண்ணீர் வரவில்லை, எண்ணெய் விலை ஏறிவிட்டது. அவ்வளவுதான் பேச்சு. பேப்பரை மட்டும் நான் மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவளும் எடுத்துக்கொண்டு போனாள்.

பரீட்சையில் டேப்பைப் பூட்டுவது, பதிவது, பொய் மெயிலைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கடைசிப் பகுதியில் விழுந்தாள். முன்பின் தெரியாத யாரோ போன் செய்து வாயைப் பிடுங்குவார்கள், எப்போது என்று சொல்ல மாட்டார்கள். அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பெண் அழுதுகொண்டே பேசியிருக்கிறாள். நான் ஆடிட்டர் அம்மாவின் மகள், தூரத்தில் இருக்கிறேன், அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று. இவளுக்கு மனசு கரைந்துவிட்டது. மாத்திரை முதல் மலச்சிக்கல் வரை ஒன்றுவிடாமல் சொல்லி, "நீ கவலைப்படாம சாப்பிடும்மா" என்று தேறுதலும் சொல்லியிருக்கிறாள். பேசியது கிளினிக் ஆபீஸ். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்றார்கள்.

"யாராவது அழுதா என்னால முடியலைங்க" என்று சொல்லி அவளும் அழுதாள். "கழுவற அறைக்குத்தான் போகப் போறேன்."

அந்த அழுகையைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கதை இல்லாவிட்டால் போகிறது, அவள் ஜனங்கள் அவளுக்கு வேண்டும். மறுநாளே சலூனில் வேலையை ஆரம்பித்துவிட்டேன். கையில் சீப்பு, காதில் போன், மறுமுனையில் அவள். ஒரு தடவை டாக்டரின் உதவியாளர், ஒரு தடவை நோயாளியின் அண்ணன், ஒரு தடவை நெஞ்சு வலிக்கும் வக்கீல். எனக்கு அழுகைக் குரல் நன்றாக வரும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் நம்பர் என்று தெரிந்துவிடுமே என்று, நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கள் போனையெல்லாம் வாங்கிப் பேசினேன். ஒரு லாரி டிரைவர் தானே பேசுவதாகச் சொல்லி, ஆரம்பித்த அழுகையை நிறுத்த முடியாமல் நிஜமாகவே அழுதுவிட்டார்.

முதலில் எல்லாருக்கும் உருகினாள். போகப் போகத் தேறினாள். "கிளினிக் நம்பருக்குப் பேசுங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் வாயிலிருந்து வராத நிலைக்கு வந்தாள். அப்புறம் அந்தப் பொறுமையும் போய், "எண்ணெய் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி வைக்க ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம் சட்டைக்குள் முடி விழுந்து பிடுங்கி எடுத்தது. சீக்கிரமே வந்து, பின்வாசல் வழியாக நேரே குளியலறைக்குப் போய்விட்டேன். சமையலறையில் இருந்த அவளுக்கு நான் வந்ததே தெரியாது. தலையில் தண்ணீர் ஊற்றும்போது அவள் குரல் கேட்டது.

"வந்துட்டாருய்யா மகன்! காலையில வக்கீல், இப்ப மகனா? இந்த ஒப்பாரியெல்லாம் என்கிட்ட வேணாம். ரிப்போர்ட்டும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. இன்னொரு வாட்டி கேட்டீங்க, ராத்திரிச் சாப்பாடும் கிடையாது! போய் ஒழுங்கா நாலு தலைக்கு முடி வெட்டற வழியைப் பாருங்க!"

துண்டைக் கட்டிக்கொண்டு சொட்டச் சொட்ட வெளியே வந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய என் சட்டையையும், அதன் பையில் இருந்த என் போனையும் பார்த்தாள்.

"அப்ப இது யாரு?" என்றாள் என்னிடம்.

காதில் இருந்த போன் தொண்டையைச் செருமியது. "கிளினிக் ஆபீஸ்லேருந்துதான் சிஸ்டர். வாழ்த்துகள். நீங்க எதுவும் சொல்லலை, தேறிட்டீங்க." கொஞ்சம் நிறுத்தி, "மறுக்கும்போது இன்னும் கொஞ்சம் மரியாதையா மறுத்தா நல்லாருக்கும்" என்றது.

அன்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சட்டியில் இருந்தது கரிந்துபோயிற்று. கரிந்ததையே சாப்பிட்டோம். டேப் வந்தது. அவள் ஜனங்கள் அவளோடேயே இருந்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கியதும் சாப்பாட்டு நேரம் மறுபடி பழையபடி வெயிலுக்கும் தண்ணீருக்கும் திரும்பிவிட்டது. அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். எனக்கோ அவள் எங்கேயோ போய்விட்டது போல இருக்கும்.

பிறகு ஒரு நாள், விளக்குப் போடும் நேரம். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பை மடியில் இருந்தது. என்ன, யாருக்கு என்ன என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து செருப்பை நானே கழற்றினேன்.

"என்னங்க" என்றாள். "என்னைப் பத்தின தகவல் என்னோடதுதானே? அதை நான் சொல்லலாம்தானே?"

"தாராளமா சொல்லலாம்."

"எனக்கு இன்னிக்கு அழணும் போல இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அது போதும்" என்றேன்.

என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் கேட்கவில்லை. அவளுடைய நோயாளிகள் ஒவ்வொருவராக என் கண்முன் வந்தார்கள். யாராகவும் இருக்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் பொறுத்து, அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவலாம் என்று பையைத் திறந்தேன். டப்பாவுக்கு மேலே, காலையில் நான் வைத்த பேப்பர் இருந்தது. நான் மடித்த நாலு மடிப்பு அப்படியே இருந்தது. யாரும் பிரிக்கவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அது திரும்பி வந்ததில்லை.

அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். முகமே பார்க்காத ஒரு மனுஷனுக்காக நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன் என்று நினைத்ததில்லை.

தட்டைப் போட்டேன். அவளுக்குப் பரிமாறினேன். அப்புறம் அந்தப் பேப்பரைப் பிரித்து, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

"புது ரோடு போடப் போறாங்களாம்! போன வருஷம் போட்டது எங்கடா? அதை எவன் சுருட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான்? அடுத்த பக்கம் என்ன? அமைச்சருக்குப் பல்வலியாம். வராதா பின்னே? சொன்ன பொய்யெல்லாம் அந்தப் பல்லைத் தாண்டித்தானே வந்துச்சு!"

அவள் கண்ணீரோடு சிரித்தாள். வாயில் இருந்த கவளம் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நான் அவள் தலையைத் தட்டிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டி, அந்தச் செய்தியோடும் சண்டைக்குப் போனேன்.