வெடிமருந்து வியர்த்த சுவர்

கஸ்தூரியம்மாள் தன் கொல்லையில் மகனுக்குக் கட்டிக்கொடுத்த வீடு, முதல் ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் வெடிமருந்து வியர்த்தது. சுவரின் உட்புறம் இடுப்பு உயரத்துக்கு ஈரம் கசிந்தது. வெயில் ஏறியதும் ஈரம் காய்ந்து கரும்பொடியாக நின்றது. மருமகள் ராஜாத்தி அதை ஒட்டடை என்று நினைத்து விளக்குமாறால் பெருக்கித் தள்ளினாள். மாலைக்குள் மறுபடியும் படிந்திருந்தது. அந்த வருஷம் மழை நல்ல மழை, ஏரியில் இறால் அதிகம்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குள் வெடிமருந்து ஆலை நடந்த காலம் அது. கோட்டையை ஒட்டிய குப்பங்களில் கோழிக்கூண்டு கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். ஒரு பொறி பறந்தால் ஆலையும் போகும், குப்பமும் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை. கஸ்தூரியம்மாளின் கவலை வேறு. புருஷன் கடலோடு போய்விட்டான். இருந்தது ஒரே மகன், நாகப்பன். அவன் ஆரம்பாக்கத்தில் பெண் கட்டினான். அங்கே மாமனாருக்குப் பெரிய வீடும் சொந்தத் தோணிகளும் இருந்தன. மாப்பிள்ளை இங்கேயே வந்துவிடட்டும் என்று அவர் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். கஸ்தூரியம்மாளுக்கோ ஒரே அறை. புதுத் தம்பதி மனம்விட்டுப் பேச வேண்டுமானால் ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும்.

“இன்னா கஸ்தூரியக்கா, புள்ளையும் மருமவளும் கரையிலயே குந்திக்கினு கீறாங்க, உன் குறட்டைக்குப் பயந்தா?” என்று பக்கத்து வீட்டுச் சிங்காரம் கேட்டான்.

“கொல்லை சும்மாத்தான் கீது, கட்டிக்குடுத்துடுவேன். நீ உன் ஓட்டை வலையைப் பாரு” என்றாள். நாகப்பன் துணிமூட்டை கட்டத் தொடங்கியதை அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

அனுமதி கேட்கத் துபாஷி வேதாசலத்திடம் போனாள். கோட்டைக்காரர் பேச்சை ஊருக்கும் ஊர்ப் பேச்சைக் கோட்டைக்கும் மாற்றிச் சொல்கிறவர் அவர். விதிகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஓலைக்கூரை கூடாது, ஓடு போட வேண்டும். அடுப்பு கூடாது, விளக்கு கூடாது, சுருட்டு கூடாது. இரும்பு ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது, மூங்கில் முளைதான் அடிக்க வேண்டும். வாசல் கோட்டையைப் பார்க்கக் கூடாது.

“இருட்டுல குடித்தனம் பண்ணச் சொல்றீங்களா சாமி?”

“புதுசா கட்டிக்கினவங்களுக்கு விளக்கு எதுக்கும்மா?” என்றார் வேதாசலம்.

மண்ணைப் பற்றி விதி எதுவும் இல்லை. அந்தக் குப்பத்தில் மண்ணுக்கு ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. புதுத் தம்பதி குடியேறும் வீட்டின் சுவருக்கு, மாப்பிள்ளை சிறுவயதில் முதல் மீன் பிடித்த இடத்திலிருந்து மண் வர வேண்டும். அந்த மண்ணில் எழும்பிய வீட்டை விட்டு அவன் எங்கும் போகமாட்டான் என்பார்கள். கஸ்தூரியம்மாளுக்கு வேண்டியதும் அதுதான். மற்றவர்களுக்கெல்லாம் முதல் மீன் ஏரியில் அகப்பட்டது. நாகப்பனுக்கு அகப்பட்டது ஒரு விலாங்கு, கோட்டை அகழியில், ஆலைச் சுவருக்கு நேர் கீழே. வேலை முடிந்த ஆலைக்காரர்கள் கைகால் கழுவும் இடம் அது. அவளே சேற்றில் இறங்கிக் கூடை கூடையாகச் சுமந்தாள். கறுத்த சேறு, பிசைய நல்ல பதம். வேதாசலம் வந்து ஓட்டைத் தட்டிப் பார்த்தார், முளைகளைத் தடவிப் பார்த்தார், எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று முத்திரை வைத்துக் கொடுத்தார். நாகப்பன் மூட்டையை அவிழ்த்தான்.

பெருக்கிய கரும்பொடியை ராஜாத்தி ஒருநாள் மாமியாரின் அடுப்படிக் குப்பையில் கொட்டினாள். கஸ்தூரியம்மாள் அதை விறகோடு சேர்த்து அடுப்பில் தள்ளினாள். அவளுடைய புருவம் இரண்டும் அன்றைக்குப் போனவைதான், பிறகு முளைக்கவில்லை. வேதாசலத்தைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“வெடியுப்பு, கந்தகம், கரி, மூணும் இருக்குது” என்றார். “ஆலையில அரைக்கிறதைவிட நயமா இருக்குது.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மீனவன் வீட்டில் வெடிமருந்து இருந்தால் அதற்குத் திருட்டு என்று பெயர், தண்டனை கயிறு. இடித்துவிடலாம் என்றால் மண்வெட்டி இரும்பு. தண்ணீர் ஊற்றிக் கரைக்கலாம் என்று ஒரு குடம் ஊற்றிப் பார்த்தார்கள், சுவர் குடத்தையும் குடித்துவிட்டு இன்னும் அதிகமாக வியர்த்தது.

“அப்போ இன்னாதான் பண்றது சாமி?”

“விதிப்படி இருங்க” என்றார் வேதாசலம்.

அப்படியே இருந்தார்கள். நாகப்பன் அரைஞாணில் கோத்திருந்த இரும்பு வளையத்தைக் கழற்றி ஏரியில் எறிந்தான். ராஜாத்தி சீராக வந்த அரிவாள்மனையைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். காலையும் மாலையும் சுவரைப் பெருக்கி, பொடியை ஓலைப்பெட்டியில் அள்ளிக் கொண்டுபோய் ஏரியில் கரைத்தார்கள். மாசியில் ஒருநாள் நாகப்பன் அம்மாவிடம், “எனுக்கு இந்த வீடு வேணாம், நான் ஆரம்பாக்கம் போறேன்” என்று கத்தினான். கடைசிச் சொல்லின் நுனியிலிருந்து ஒரு பொறி தெறித்தது. ராஜாத்தி அதை ஈரக் கையில் பிடித்து நசுக்கினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை.

ஒருமுறை போகவும் செய்தார்கள். மாமனார் வீட்டுத் திருவிழாவுக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டுத் திரும்பியபோது கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே பொடி முழங்கால் அளவு நின்றது. குப்பமே கூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டையால் அள்ளியது. சிங்காரம் கையைத் துடைத்துக்கொண்டு நாகப்பனிடம் சொன்னான்: “நீ ஆரம்பாக்கம் போனா நாங்க அத்தினி பேரும் மேல போயிடுவோம்பா. பேசாம இங்கியே கெட.” நாகப்பன் பேசாமல் கிடந்தான். வழக்கம் பொய்க்கவில்லை என்று கிழவர்கள் திருப்திப்பட்டார்கள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் ராஜாத்திக்கு இடுப்பு வலி கண்டது. மருத்துவச்சி இருசம்மாள் வந்தாள். பிள்ளை பிறக்கும் அறையில் விளக்கு எரிய வேண்டும், தலைமாட்டில் இரும்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காத்து கருப்பு அண்டும். அங்கே இரண்டும் இல்லை. தொப்புள்கொடி அறுக்க ஒரு கிளிஞ்சல் ஓட்டைக் கல்லில் தீட்டி எடுத்துக்கொண்டு அவள் இருட்டுக்குள் போனாள். பொடிக்கு அஞ்சியதைவிட எல்லோரும் பிள்ளையின் முதல் அழுகைக்கு அஞ்சினார்கள். ஒரு சொல்லுக்கே பொறி தெறித்த வீடு. குப்பத்து ஜனம் அடுப்புகளை அணைத்துவிட்டு, குழந்தை குட்டிகளோடு தோணிகளில் ஏறி நடு ஏரிக்குப் போய்க் காத்திருந்தது. கஸ்தூரியம்மாள் மட்டும் கொல்லையில் நின்றாள். காக்கைகூடக் கத்தவில்லை. வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

“பொண்ணு” என்றாள் இருசம்மாள், மூச்சுக்காற்றில். “கண்ணைத் தொறந்து பாக்குது. வாயை மட்டும் இறுக்கி மூடிக்கினு கீது.”

அந்தக் குழந்தை அழவில்லை. அதற்குப் பின் பிறந்தவையும் அழவில்லை. ராஜாத்திக்கு வலி கண்டது என்று கேட்டால் குப்பம் தானாகத் தோணி ஏறும். இரண்டாம் பிள்ளைக்கு அரிசி கொண்டுபோனார்கள், மூன்றாவதற்கு நடு ஏரியிலேயே நண்டுக் குழம்பு வைத்தார்கள். ராஜாத்தி அக்காவுக்கு எப்போது வலி வரும் என்று பிள்ளைகள் பொங்கலைக் கேட்பதுபோல் கேட்டார்கள். வேதாசலம் சாகும்வரை வருஷந்தோறும் வந்தார். வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருந்தபடியே பார்த்து, எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று சொல்லிப் போனார். பிறகு கோட்டையில் கொடி மாறியது, ஆலை நின்றது. சுவர் வியர்ப்பது நிற்கவில்லை.

நாகப்பன் எங்கும் போகவில்லை. விடிந்ததும் வலையோடு ஏரிக்குப் போனான், பொழுது சாய்வதற்குள் பொடி அள்ளத் திரும்பினான். வெளியில் பேசலாம்தான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பேரப்பிள்ளைகளின் குரல் எப்படி இருக்கும் என்று கஸ்தூரியம்மாளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவள் வீட்டு அடுப்பில்தான் சோறு. பொங்கி, சூடு முற்றிலும் ஆறும்வரை தண்ணீர் ஊற்றி வைத்து, மண்சட்டியில் கொல்லைக்குக் கொண்டுபோவாள். உள்ளே அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் கேட்காது. வாசலில் சட்டியை வைத்ததும் இருட்டிலிருந்து ஒரு கை வரும். கயிறு அறுத்த தழும்பு இருந்தால் அது மகனுடைய கை.

“புள்ள ஒருநாளும் உன்னை விட்டுப் போவல. இன்னாக்கா குறை உனுக்கு?” என்றான் சிங்காரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

“ஒரு குறையும் இல்ல” என்றாள் கஸ்தூரியம்மாள், மெதுவாக. சட்டியை வைத்துவிட்டுக் கை வரும்வரை நின்றாள்.