ஐம்பத்தாறாவது பிரிவு

டி.வி.யில் ஈரான் வரைபடத்தைக் காட்டி, கடலோரத்து அணுமின் நிலையத்தின் மேல் சிவப்பு வட்டம் போட்டார்கள். 'தாக்குதல் நடக்குமா?' என்று கீழே எழுத்து ஓடியது. நௌஷீனின் கண் எதிர்க்கரையில் இருந்த குவைத்துக்குப் போனது. நடுவில் இருந்த கடல் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அந்தக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்தான் அவள் கணவன் அப்துல் ஹக் வேலை பார்த்தான்.

மாமியார் சலீமா பீவி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "நீ சட்டம் படிக்கிறவதானே. அணு உலைய அடிக்கக் கூடாதுன்னு சட்டம் கிட்டம் இல்லியா?"

"இருக்கு மாமி. உலகத்துக்கே இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மாமி அடுப்படிக்குத் திரும்பினாள். நௌஷீன் அரைகுறை நினைவில்தான் அப்படிச் சொல்லியிருந்தாள். மறுநாள் பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், தொலைதூரக் கல்வியில் தனக்கு வகுப்பெடுக்கும் எழிலரசி மேடத்தைப் பார்த்தாள். அவர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். போர் விதிகளுக்கான 1977ஆம் ஆண்டு ஒப்பந்தம், ஐம்பத்தாறாவது பிரிவு. அணைகளையும் அணுமின் நிலையங்களையும் தாக்கி மக்களுக்குப் பெருநாசம் விளைவிக்கக் கூடாது. நௌஷீனுக்கு மூச்சு வந்தது. அடுத்த பத்தியே 'ஆனால்' என்றது. அங்கிருந்து போருக்கு நேரடியாக மின்சாரம் போய், அதை நிறுத்த வேறு வழியும் இல்லையென்றால், அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும்.

"அதுகூடப் பரவால்ல" என்றார் எழிலரசி. "அடிப்போம்னு பேசுறவுங்க இதுல சேரவே இல்லம்மா. ஈரான் கையெழுத்து போட்டதோட சரி, இன்னும் ஏத்துக்கல. நம்ம நாடும் சேரல."

வீட்டுக்கு வந்ததும் அப்துல் ஹக்குக்குப் போன் போட்டாள். "மச்சான், வந்துருங்க."

"பாஸ்போர்ட் கம்பெனிகிட்ட இருக்கு. எல்லாரும் கெளம்பிட்டா இந்த ஊரு எதக் குடிக்கும்?" அவன் குரல் தணிந்தது. "கடல்ல ஏதாச்சும் கலந்துட்டா பம்ப்ப நிறுத்தணும்னு ட்ரெயினிங் குடுத்தாங்க. என் ஷிஃப்டுன்னா நாந்தான் நிறுத்தணும்."

"நிறுத்திட்டா?"

"அதான் யாரும் சொல்ல மாட்றாங்க."

அதற்குள் மாமி போனை வாங்கிக்கொண்டாள். "தம்பி, பயப்படாத. அங்க குண்டு போடக் கூடாதுன்னு சட்டமே இருக்காம். நௌஷீன்தான் சொன்னா." கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு சிரித்த முகத்தோடு போனை நீட்டினாள். "நெசமான்னு உன்கிட்ட கேக்கணுமாம்."

நௌஷீன் போனைக் காதில் வைத்தாள். "நெசமா?" என்றான். அவனுக்குப் பின்னால் இராட்சத பம்ப்புகள் கடலை உறிஞ்சிக்கொண்டிருந்த இரைச்சல் கேட்டது. மாமி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.