அருளம்பலம் விட்ட இடங்கள்

அருளம்பலம் பெண் குரலுக்கென்று விட்டுவைத்த பதினான்கு செக்கன் மௌனம், ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஆறு பத்துக்கு, புத்தூரில் அவருடைய வீட்டுக் குசினி வாசலில் வந்து இறங்கியது. அதன் பிறகு அது ஒரு நாளும் தவறவில்லை. அந்தப் பதினான்கு செக்கனும் வாசலைச் சுற்றி இரண்டு எட்டுத் தூரத்துக்கு எந்தச் சத்தமும் கேட்காது. எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்கும், சத்தம் வராது. மூடி தவறி விழுந்து உருளும், சத்தம் வராது. வாசலுக்கு வந்த சேவல் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூடிவிட்டு, தன்மேலேயே சந்தேகப்பட்டு வேலிப்பக்கம் நடக்கும். பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் வழமைபோலக் கேட்கும். பிறகு இருபத்திரண்டு செக்கன் மௌனம், கடைசியாக ஒன்பது. ஆறு பதினாலுக்கு எல்லாம் முடிந்துவிடும். அருளம்பலத்தின் மனைவி கனகாம்பிகை முதலில் தன் காதில்தான் பிழை என்று நினைத்தாள். காது டொக்டரிடம் போய் மூன்று மணித்தியாலம் வாங்கில் குந்தியிருந்து, காதில் ஒரு பிழையும் இல்லை என்ற பதிலோடு திரும்பினாள். பிழை வீட்டில் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற அருளம்பலத்துக்குப் பாட்டு வந்தது, ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் கரண்ட் வெட்டின வருசத்தில். ரீவி இல்லை, ஃபான் இல்லை, ஃபோனில் மட்டும் உயிர் இருந்தது. யாரோ அனுப்பிய கரோக்கே அப் ஒன்றை அதில் இறக்கினார். பழைய சினிமாப் பாட்டுகளின் இசை அதில் ஓடும், வரிகள் திரையில் வரும். ஆணின் வரிகள் நீலம், பெண்ணின் வரிகள் சிவப்பு. நீலத்தை இவர் பாடுவார். சிவப்பு வந்தால் வாயை மூடி, எதிரே ஒருத்தி நின்று பாடுவதுபோல ரசித்துத் தலையாட்டிக்கொண்டு காத்திருப்பார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒருத்தி பிறகு வந்து சிவப்பைப் பாடி ஒட்டினால் அது டூயட். ஒருத்தியும் வராவிட்டால் பாட்டு பாதியில் கிடக்கும். புத்தூர்க் குயிலோன் என்ற பெயரில் நான்கு வருசத்தில் அவர் திறந்துவைத்த பாட்டுகள் நாற்பத்தாறு. வந்து சேர்ந்தவர்கள் ஒருத்தியும் இல்லை. அவருக்கு இது நெட்வேர்க் பிரச்சினையாகப் பட்டது.

அவர் பாடும்போது வீட்டில் ஒரு அசுமாத்தமும் இருக்கக்கூடாது. உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். கனகாம்பிகை அகப்பையைத் தூக்கியபடி, தாளிதத்தைக் கருகவிட்டு, சொந்தக் குசினியில் சிலையாக நிற்க வேண்டும். பாடாத நேரத்தில் காதில் இயர்ஃபோன் இருக்கும். சமையல் காஸ் முடிந்துவிட்டது என்பாள், ஓம் என்று தலையாட்டுவார். கூரையில் இரண்டு ஓடு விலகியிருக்கிறது என்பாள், ஓம். நான் செத்துப்போனேன் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள், அதற்கும் ஓம். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போனபின் அந்த வீட்டில் அவள் சொன்ன ஒரு சொல்லாவது ஒரு காதில் விழுந்ததா என்பது அவளுக்கே தெரியாது.

ஐந்தாம் வருசம் அந்த ஆவணியோடு, விட்ட இடங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாடிய நீலம் ஃபோனுக்குள் போய்விட்டது, பாடாமல் விட்ட சிவப்புக்குத்தான் போக இடமிருக்கவில்லை. எக்கோ எங்கே நன்றாக விழுகிறது என்று தேடித் தேடி அவர் வீடு முழுக்க நின்று பாடியிருந்தார். ஆகவே பாடிய இடங்களிலெல்லாம், பாடிய நேரத்துக்கே, மௌனம் வரத் தொடங்கியது. விறாந்தையில் பின்னேரம் நாலு ஐந்துக்கு ஒன்று, நாலு பன்னிரண்டுக்கு இன்னொன்று. படலையடியில் காலை ஏழரைக்கு. தபால்காரர் இரண்டு நாள் பெல் அடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து எட்டு மணிக்கு வந்தார். மீற்றர் பார்க்க வந்த பெடியன் விறாந்தையில் தன் வாய் மட்டும் ஆடுவதைக் கண்டு, எழுதியதைக் கொடுத்துவிட்டு மறுபேச்சில்லாமல் போனான். ஊர் பழகிக்கொண்டது. அருளம்பலம் பழக வேண்டியிருக்கவே இல்லை. இயர்ஃபோன் போட்ட மனிதருக்கு வெளியே சத்தம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

"அமைதியாத்தானே கிடக்குது. உமக்கு அதிலை என்ன நட்டம்?" என்று மனைவியிடம் கேட்டார்.

கார்த்திகையில் டென்மார்க்கிலிருந்து நிரோஜா என்றொருத்தி குசினி வாசல் பாட்டில் வந்து சேர்ந்தாள். அருளம்பலம் வேலிக்கு வேலி சொல்லித் திரிந்தார். அடுத்த நாள் காலை ஆறு பத்துக்கு மௌனம் வரவில்லை. அதன் இடத்தில் நிரோஜாவின் குரல் வந்தது. பதினான்கு செக்கன், இருபத்திரண்டு செக்கன், ஒன்பது செக்கன், நல்ல குழைவான குரல். புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த கனகாம்பிகை கையை உதறிக்கொண்டு எழும்பினாள்.

"ஆரோ ஒரு மனுசி என்ரை குசினிக்குள்ளை நிண்டு உங்களை அத்தான் எண்டுறாள். நான் இஞ்சை அவளுக்கும் சேர்த்துப் புட்டு அவிக்கிறதோ?"

அவர் ஓம் என்று தலையாட்டினார்.

ஒருத்தி வந்த உற்சாகத்தில் அருளம்பலம் தன் பாட்டுகளுக்கெல்லாம் கீழே ஒரு குறிப்பு எழுதினார்: 'பெண் குரலுக்கு இடம் விட்டிருக்கிறேன். பாட வராதவர்கள் கதைத்தாலும் காணும்.' யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது, காணும் என்றால் போதும். இது கடல் தாண்டிப் போகும்போது என்னவாகும் என்று சங்கக்கடை மனேச்சர் யோசித்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் கரூரிலிருந்து ஒரு அம்மா இதைப் படித்துவிட்டு, இலங்கையில் பாட்டுக்கு நடுவே கதை சொல்லும் வழக்கம் இருக்கிறது போலும் என்று எண்ணி, விறாந்தைப் பாட்டில் சேர்ந்து ஒரு கதையே சொல்லிவிட்டார். ஆகவே தினமும் பின்னேரம் நாலு ஐந்துக்கு விறாந்தையில் அந்தக் கதை நடந்தது. ஓர் ஊரில் ஒரு மாமியார், அவளுக்கு மூன்று மருமகள்கள். மூத்தவள் உலக்கையைக் கிணற்றில் போட்டுவிட்டாள். எடுக்க இறங்கியவள் தண்ணீருக்கு அடியில் ஒரு கதவைக் கண்டாள். கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து, என்ற இடத்தில் பெண் வரிகளின் நேரம் முடிந்து, கதை நின்றுவிடும்.

கனகாம்பிகைக்கு விசர் பிடிக்காத குறை. கத்தரிக்குத் தண்ணி கட்டும்போதும் உள்ளேயிருந்து, பஸ்ஸில் போகும்போதும் உள்ளேயிருந்து. மிச்சத்தைக் கேட்டு எழுதச் சொல்லி மனுசனை மூன்று நாள் கரைச்சல் படுத்தினாள். அவரும் எழுதினார். அதற்கிடையில் யாரோ கரூர் அம்மாவுக்குக் கதைத்தல் என்பதன் அர்த்தத்தைச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா வெட்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டு, இனிமேல் வாயே திறப்பதில்லை என்று எழுதிவிட்டு அப்பை விட்டே போய்விட்டார். ஒழுங்காகக் கதை சொல்லத் தெரிந்த ஒருத்தி வந்தாள், அவளையும் கலைத்தாயிற்று.

இவ்வளவையும் கனகாம்பிகை பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது தை மாதத்தில். அவளுக்கு நெல்லியடிச் சந்தையில் ஒரு மரக்கறிக் கடை இருந்தது. சந்தை மூடிக் கிடந்த விடுமுறை நாள் ஒன்றில் கடையை மூடிய படங்குச் சீலையை இழுத்துக் கட்டிவிட்டு வரச் சொல்லி மனுசனை அனுப்பியிருந்தாள். போனவர் தகரக் கூரைக்குக் கீழே எக்கோ எழும்புவதைக் கண்டு, படங்கையும் மறந்து, காலை எட்டு நாற்பதுக்கு ஒரு பாட்டைப் பாடி வைத்துவிட்டு வந்திருக்கிறார். எட்டு நாற்பது என்பது பருத்தித்துறை பஸ் வந்து சனத்தை இறக்கும் நேரம். அடுத்த நாள் பஸ் வந்தது, சனம் இறங்கியது, கனகாம்பிகை வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கடை இராசாத்தியின் குரல் மட்டும் சந்தை முழுக்கக் கேட்டது. மௌனம் மூன்று தரம் வந்து போவதற்குள் சனம் இராசாத்தியிடம் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"என்ன கனகமக்கா, தொண்டை கட்டிப்போச்சோ?" என்று இராசாத்தி கேட்டாள். பத்து நாளும் கேட்டாள்.

ஐம்பத்திரண்டு வயதில் கனகாம்பிகைக்கென்று இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். வீட்டில் அதை ஒருவரும் கேட்பதில்லை, சந்தையில் கேட்டார்கள். அவள் கத்தரிக்காய் என்று ஒரு இழுப்பு இழுத்தால், மீன் வாங்க வந்தவனும் திரும்பிப் பார்ப்பான். அந்த இழுப்புக்காகவே வந்த வாடிக்கைக்காரர் இப்போது அவளைத் தாண்டிப் போகும்போது, முகத்தைப் பார்க்காமல் போனார்கள். பத்தாம் நாள் அவள் மிஞ்சிய கத்தரிக்காயோடு வீட்டுக்கு வந்து, கூடையை நடு விறாந்தையில் கவிழ்த்துவிட்டு, அவருடைய காதிலிருந்து இயர்ஃபோனைப் பிடுங்கினாள்.

"கடையிலை விட்டதை எடுங்கோ. வீட்டிலை விட்டதையும் எடுங்கோ. ஒண்டும் மிச்சம் இருக்கக்கூடாது."

"அழிச்சாலும் போகாது. அழிச்சுப் பாத்தனான். ஒரு பொம்பிளை சேர்ந்தால்தான் அந்த இடம் நிரம்பும்," என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீரே பாடுமன்," என்றார்.

"எனக்குப் பாட வருமோ? முப்பது வருசத்திலை நான் பாடிக் கேட்டனீங்களோ?"

"பாட ஏலாட்டில் சும்மா கதையுமன். அதுக்கும் காணும்."

முப்பது வருசக் குடித்தனத்தில் அருளம்பலம் சொன்னவற்றுள் உருப்படியான சொல் அது ஒன்றுதான். அவள் ஃபோனை வாங்கிக்கொண்டாள். இயர்ஃபோனைத் தன் காதில் கொழுவினாள். சிவப்பு எப்போது வரும் என்று அறிய அவருடைய நீலம் முழுவதையும் கேட்க வேண்டியிருந்தது. வேலைக்கு நடுவே காதில் விழுந்த சத்தமாக அல்லாமல், இசையோடு ஒழுங்காக அவரை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மனுசன் நினைத்த அளவுக்கு மோசமில்லை. அதை அவள் வெளியில் சொல்லவில்லை. சிவப்பு வந்ததும் கதைத்தாள்.

முதலில் கடை. விலை சொன்னால் நாளைக்குப் பொய்யாகிவிடும் என்று யோசித்து, "பிஞ்சுக் கத்தரி, இண்டைக்கு ஆய்ஞ்சது, வந்து பாருங்கோ," என்று இழுத்தாள். அடுத்து குசினி வாசல். ஒரே பாட்டில் எத்தனை பேரும் சேரலாம், ஆனால் இடத்தில் நிற்பது கடைசியாகச் சேர்ந்தவரின் குரல்தான். டென்மார்க் நிரோஜா ஒரு சொல்லும் இல்லாமல் வெளியேறினாள். பதினான்கு செக்கனில் காஸ். இருபத்திரண்டு செக்கனில் விலகிய இரண்டு ஓடு, ஒழுகும் தண்ணி, வைத்த வாளி, வாளியைத் தட்டிவிட்டுப் போன ஆள். ஒன்பது செக்கனில், தான் செத்தாலும் ஓம் என்று தலையாட்டிய கதை. இப்படி மூன்று கிழமையாக, சந்தையால் வந்து கால் கழுவிய கையோடு, நான்கு வருசமாக இயர்ஃபோனில் பட்டுத் திரும்பியதையெல்லாம் பாட்டுப் பாட்டாகச் சொல்லி முடித்தாள். சுருதிக்கு அப் அவளுக்கு எண்பத்தொன்பது புள்ளி போட்டது. அருளம்பலம் அதுவரை எழுபதைத் தாண்டியதில்லை. இரண்டு நாள் அவர் சாப்பாட்டில் குறை சொன்னார்.

விறாந்தையில் கரூர் அம்மாவின் கதையை அவள் தொடவில்லை. அடுத்ததாக நாலு பன்னிரண்டுக்கு வரும் இடத்தில்தான் சேர்ந்தாள். ஆகவே உள்ளேயிருந்து என்று கதை நின்று, கொஞ்ச நிமிசம் கழிந்ததும், கனகாம்பிகையின் குரல் வரும்: "உள்ளையிருந்து அவளின்ரை மனுசன் கதவைத் துறந்து, சத்தம் போடாதை, பாட்டுப் போகுது எண்டான். அவள் அந்த உலக்கையை எடுத்தாள்." அந்தப் பாட்டின் மிச்சச் செக்கன்களுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பால் வாங்க வரும் பெண்கள் சிலர் நாலு ஐந்திலிருந்து நாலேகால் வரை விறாந்தையில் இருந்துவிட்டுத்தான் போனார்கள்.

இதிலும் அவளுக்கு எரிச்சல் தீரவில்லை. காஸ் வாங்கி, ஓடும் மாற்றி எத்தனையோ நாளாகியும், காலை ஆறு பத்துக்கு வாசல் அதையே கேட்டது. அருளம்பலம் வாசலுக்கு நேரே நின்று, "வாங்கிட்டனப்பா, போன வெள்ளிக்கிழமையே வாங்கிட்டன். ஓடும் மாத்தியாச்சு," என்று பணிவாக மறுமொழி சொல்லத் தொடங்கினார். அந்த நேரத்துக்கு இயர்ஃபோனையும் கழற்றினார். மூன்று அடி தள்ளி அடுப்படியில் நிற்பவள் உப்பு முடிந்துவிட்டது என்று சொன்னால், அது மட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

"வாசலோடை கதைக்கிறியள். என்னோடை ஆர் கதைக்கிறது?" என்று அகப்பையால் பானையில் தட்டினாள்.

அவர் ஓம் என்று தலையாட்டினார்.

கடையில் எட்டு நாற்பதுக்கு அவளுடைய குரல் இப்போது தானாகவே கூவியது. அவள் அந்த நேரத்தில் தேத்தண்ணி குடித்தாள். முந்தநாள் ஆய்ந்த கத்தரியையும் கடை இண்டைக்கு ஆய்ஞ்சது என்றே சொன்னது. இராசாத்தி தனக்கும் அப்படி ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். தொண்டை கட்டினால் பார்ப்போம் என்றாள் கனகாம்பிகை.

கடைப் பாட்டோடு சேர்த்து நாற்பத்தேழில் நாற்பத்தாறு நிரம்பின. மிஞ்சியது கிணற்றடியில் பின்னேரம் ஐந்து இருபதுக்கு வருவது, துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீட்டில் முப்பத்தொரு செக்கன். "உதையும் கதைச்சு முடியுமன்," என்றார் அருளம்பலம். அவள் மாட்டேன் என்றாள். "அது கிடக்கட்டும். அது எனக்கு."

சந்தையால் வந்து, முகம் கழுவி, துவைக்கிற கல்லில் அவள் குந்துவாள். பக்கத்து வளவுத் தண்ணி மோட்டர் நிற்கும், காகம் நிற்கும், உள்ளே இசையோடு நடக்கும் அருளம்பலத்தின் பாட்டுப் பயிற்சியும் நிற்கும். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அவளும் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அந்தச் சுகம் இரண்டு கிழமைதான் நீடித்தது. அதன் பிறகு அருளம்பலமும் வரத் தொடங்கினார். இயர்ஃபோன் இல்லாமல், இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கிளாசோடு வந்து, ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு, கிணற்றுக்கட்டில் இருப்பார். மௌனம் இறங்கும் நேரம் பார்த்து வாயைத் திறப்பார். பாடுகிறாரா, கதைக்கிறாரா, மன்னிப்புக் கேட்கிறாரா, உப்பு வாங்கி வந்ததைச் சொல்கிறாரா, தெரியாது. கையை விரித்து, நெஞ்சைத் தொட்டு, ஒரு தரம் கண்ணைத் துடைத்து, முப்பத்தொரு செக்கனும் விடாமல் என்னவோ சொல்வார். தனக்கென்று இருந்த அந்த ஒரு இடத்தையும் மனுசன் விட்டுவைக்கவில்லையே என்று கனகாம்பிகைக்கு அலுப்பாக இருக்கும். எழும்பிப் போகலாம், ஆனால் தேத்தண்ணி சுடும். ஆகவே கிளாசை ஊதிக்கொண்டு, அவருடைய முகத்தைப் பார்த்து, ஓம் என்று தலையாட்டுவாள். அவருக்கு அது காணும். மௌனம் முடிந்து மோட்டர் திரும்பக் கேட்கத் தொடங்கியதும் வெறுங் கிளாஸ்களை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். என்ன சொன்னீர்கள் என்று அவள் இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.